இன்னொருத்தி எழுதும் மார்க்கு

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு வந்த ஒரு செய்தி, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி வரை மஹாலக்ஷ்மியின் கைப்பேசியை விட்டு வெளியே போகவில்லை. இந்த வீட்டோடு பழகியவர்களுக்கு அது என்ன செய்தி என்று தெரியும். இன்றுதான் வாசல் ஏறுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடலாம்.

சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடம். பிளஸ் டூ வகுப்பு. வருஷம் முழுக்க வைத்த தேர்வுகளைக் கூட்டிப் பார்த்ததில் மஹாலக்ஷ்மியின் மகள் வித்யாலக்ஷ்மி முதல் ரேங்க். களக்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் இசக்கிச்செல்வி இரண்டாம் ரேங்க். இருவருக்கும் நடுவே அரை மார்க். இசக்கி தன் அம்மாவோடு வாழையிலை அறுக்கப் போய், ஒரு புராஜெக்ட் நோட்டை இரண்டு நாள் தாமதமாகக் கொடுத்தாளே, அதில் விழுந்த அரை மார்க் அது.

பாபநாசம் அண்ணாச்சி அறக்கட்டளை மாவட்டத்தில் பன்னிரண்டு பிள்ளைகளை எடுத்துப் படிப்பு முடியும் வரை கல்லூரி, விடுதி எல்லாம் பார்த்துக்கொள்ளும். பள்ளிக்கு இரண்டு பேர் தேர்வு எழுதலாம். அது கிடைத்தால் வித்யாவுக்குக் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங். கிடைக்காவிட்டால் பக்கத்து ஊரில் ஏதோ ஒரு பி.காம். இசக்கிக்குக் கிடைக்காவிட்டால் திருப்பூர் பனியன் கம்பெனி. அங்கே அவளுடைய அக்கா ஏற்கெனவே இடம் பிடித்து வைத்திருக்கிறாள்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குச் சொந்தப் பள்ளியிலேயே தேர்வு என்று இருந்ததை, காலை பத்து மணிக்குப் பாளையங்கோட்டையில் என்று மாற்றினார்கள். வகுப்பாசிரியை ஜெமிமா டீச்சர் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்கு ரயிலேறும் அவசரத்தில் மஹாலக்ஷ்மிக்குச் செய்தி போட்டார்: ‘இசக்கி வீட்டு போன் ரிப்பேர் போல. நீங்க எப்படியாவது தகவல் சொல்லிருங்கம்மா.’

மஹாலக்ஷ்மி ‘சரி டீச்சர்’ என்று பதில் போட்டாள். கூடவே ஒரு கும்பிடும் போட்டாள். சொல்லத்தான் இல்லை.

பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று இரண்டு நாளாகத் தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். கத்தரிக்காய் விற்கிறவன் நல்ல பக்கத்தை மேலே திருப்பி வைக்கிறான். சொத்தையை யாராவது கேட்டால்தானே சொல்ல வேண்டும்? அவளை யாரும் கேட்கவில்லை.

எட்டு ஐந்துக்குக் கைப்பேசி அடித்தது. அவள் கணவன் வைத்தீஸ்வரன். மகளை அழைத்துக்கொண்டு விடிந்ததுமே பஸ் ஏறிப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டவன். மின்வாரிய ஆபீஸ் குமாஸ்தா. எழுத்து எங்கே தென்பட்டாலும் படித்துவிடுவான். மருந்துச் சீட்டின் பின்பக்கம், சுண்டல் கட்டிய காகிதம் எதையும் விடமாட்டான்.

“மஹா, வித்யா ஹால் டிக்கெட்டை இன்னிக்குத்தான் என் கையில குடுத்தா. பின்னாடி விதியெல்லாம் பொடி எழுத்துல போட்டிருக்கான். நாம இத்தனை நாள் தப்பா நெனைச்சுண்டிருந்தோம்.”

“என்னன்னா தப்பு?”

“முதல் ரேங்குக்கு நூறு, ரெண்டாம் ரேங்குக்குத் தொண்ணூத்தொம்பதுன்னு நெனைச்சோமோன்னோ? அது இல்லை. பள்ளிக்கூடம் போடற மார்க்கை அறக்கட்டளைக்காரா தொடறதே இல்லை. ரேங்கை மட்டும் எடுத்துக்கறா. இன்னிக்கு ஒரு பள்ளிக்கூடத்துப் பசங்க வாங்கற மார்க்கை மேலேர்ந்து கீழே அடுக்கறா. அதுல எது ஒசந்த மார்க்கோ அது முதல் ரேங்குக்காரிக்கு. யார் எழுதினதா இருந்தாலும் சரி. அடுத்த மார்க்கு ரெண்டாம் ரேங்குக்கு. அதோட அவாவா எழுதின மார்க்கைக் கூட்டினா இருநூத்துக்குக் கணக்கு.”

“எனக்குப் புரியலை.”

“வித்யா மாதிரித் தேர்வுல எவ்வளவு?”

“எழுபத்தெட்டு.” பரீட்சை அறையில் வித்யாவுக்கு உள்ளங்கை வேர்த்துப் பேனா வழுக்கும். வீட்டில் தொண்ணூறு வாங்குகிறவள் அறைக்குள் எழுபத்தெட்டைத் தாண்டியதில்லை.

“இசக்கி?”

“தொண்ணூத்தஞ்சு.”

“இன்னிக்கும் அதையே வாங்கறான்னு வச்சுக்கோ. ஒசந்த மார்க்கு தொண்ணூத்தஞ்சு. அது யாருக்கு? முதல் ரேங்க் நம்ம வித்யாவுக்கு! அவ சொந்த மார்க்கு எழுபத்தெட்டு. மொத்தம் நூத்தி எழுபத்து மூணு. போன வருஷம் நூத்தி எழுபதுல நிறுத்தியிருக்கான். இசக்கி புண்ணியத்துல நம்ம பொண்ணு உள்ளே போயிடறா!”

மஹாலக்ஷ்மி அடுப்பை அணைத்தாள். பால் ஏற்கெனவே பொங்கி வழிந்திருந்தது.

“ஏன்னா, இசக்கி எழுதலைன்னா?”

“எழுதலைன்னா வித்யா மட்டுந்தான். எழுபத்தெட்டும் எழுபத்தெட்டும் நூத்தம்பத்தாறு. கதை முடிஞ்சது. அவ ஏன் எழுதாம இருக்கப் போறா? வந்துண்டிருப்பா. நான் போய் வித்யாவுக்கு இட்லி வாங்கித் தரேன்.”

பாபநாசம் அண்ணாச்சி அந்தக் காலத்தில் டவுனில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். முதல் வருஷம் பள்ளிக்கூடங்களிடம் மார்க்கு கேட்டாராம். ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு நூறு போட்டு முத்திரை குத்தி அனுப்பியது. ‘சரக்கு விக்கிறவன் தராசுல நான் நிறுக்க மாட்டேன். ஒங்க பிள்ளைல யாரு முன்ன, யாரு பின்னன்னு மட்டும் சொல்லுங்க. எடைய நான் போட்டுக்கிடுதேன்’ என்று மனுஷர் விதியை மாற்றிவிட்டார். அந்தத் தராசின் மறுதட்டில் இருந்த எடையைத்தான் மஹாலக்ஷ்மி தன் கையால் தூக்கி ஒளித்து வைத்திருந்தாள்.

இசக்கியின் பக்கத்து வீட்டு நம்பரை அழைத்தாள். அணைத்து வைத்திருந்தார்கள். மறுபடி அழைத்தாள். நாலாவது முறை அழைக்கும்போது அவள் தெருவில் இருந்தாள். காலில் செருப்பு ஜோடி மாறியிருந்தது.

தெருமுனையில் அலி அஸ்கர் தன் வாடகைக் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“களக்காடு போய், அங்கேர்ந்து பத்து மணிக்குப் பாளையங்கோட்டை போகணும்.”

“இப்ப மணி எட்டே கால் மாமி. பதினொண்ணுன்னு வைங்க.”

“பத்து.”

“பத்தே முக்கால். ஒங்களுக்காவ.”

“பத்துக்குப் பரீட்சைடா, ஒரு பொண்ணோட வாழ்க்கை!”

“வாழ்க்கைன்னா பத்தரை. அதுக்குக் கீழ எனக்குக் கட்டுப்படி ஆவாது. ரோடு நான் போட்டதில்ல பாத்துக்கிடுங்க.”

“பத்தே கால். இல்லைன்னா சொல்லு, வேற வண்டி பார்க்கறேன்.”

“சரி, ஏறுங்க. போணி நேரத்துல மனச முறிக்கக் கூடாது.”

வண்டி கிளம்பியதும் அவள் பின் இருக்கையின் நடுவில் உட்கார்ந்தாள். பிறகு ஜன்னலோரம் நகர்ந்தாள். மறுபடியும் நடுவுக்கு வந்தாள். கண்ணாடியில் பார்த்த அலி அஸ்கர், “மாமி, நீங்க அங்கன இங்கன மாறுததுல வண்டி வேகமாப் போவாது” என்றான்.

களக்காட்டில் வீடு பூட்டியிருந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடித்த ஒருவர், “தாயும் பிள்ளையும் வாழைக்குள்ள நிக்காவ, அந்தா அந்த வரப்போட போங்க” என்று கை காட்டினார். பட்டுக்கரைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மஹாலக்ஷ்மி சேற்றில் இறங்கினாள்.

இசக்கி பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு இலை அறுத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா மாரித்தாய் மூக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு குத்தவைத்து, கிழிசல் இலையைத் தனியாக எறிந்து நல்ல இலையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“இசக்கி, பரீட்சை பத்து மணிக்கு! பாளையங்கோட்டையில! கிளம்பும்மா!”

இசக்கி கத்தியைக் கீழே போட்டாள். “ரெண்டு மணிக்குல்லா மாமி?”

“மாத்திட்டா. ஏறு, ஏறு, வண்டி நிக்கறது.”

மாரித்தாய் எழுந்து கண்ணாடியைக் கழற்றி, வியர்வையைத் துடைக்க இலைக்கட்டின் மேல் வைத்தாள். “ஹால் டிக்கெட்டு வீட்டுலல்லா இருக்கு! ஏட்டி, ஓடுட்டி! நானும் வாரேன் மாமி. தனியா அனுப்ப மாட்டேன்.”

ஒன்பது பதினைந்துக்கு வண்டி களக்காட்டை விட்டது. பின் இருக்கையில் மாரித்தாய் மகளின் தலையைத் தன் பக்கம் இழுத்துச் சடை பின்னினாள். வாழைக்கறை படிந்த விரல்கள் முடியைப் பிரித்து அள்ளி இறுக்கிக்கொண்டே வந்தன. முன் இருக்கையில் மஹாலக்ஷ்மி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். வண்டியின் கடிகாரத்தைப் பார்த்தாள். அது இரண்டு நிமிஷம் முன்னே ஓடியது. அலி அஸ்கரின் மணிக்கட்டையும் எட்டிப் பார்த்தாள்.

“எந்த மணி ஒங்களுக்குப் புடிச்சிருக்கோ அத எடுத்துக்கிடுங்க மாமி” என்றான் அவன்.

“வித்யா போயிட்டாளா?” என்று இசக்கி கேட்டாள்.

“காலம்பறவே போயிட்டா.”

“அவகிட்டச் சொல்லுங்க மாமி, கணக்குல மொதல்ல கடைசிப் பக்கத்தத் தொடச் சொல்லுங்க. முன்பக்கத்துலதான் அவளுக்குக் கை நடுங்கும். ரெண்டு கணக்கு சரியா வந்திட்டா நடுக்கம் போயிரும். போன வாரம் ஒரு நோட்டுல எழுதிக் குடுத்தேனே, பாத்தாளா?”

அந்த நோட்டு மஹாலக்ஷ்மிக்கு நன்றாக நினைவிருந்தது. போட்டிக்காரி வீட்டு நோட்டு எதற்கு, உளவு பார்க்கவா என்று அவள்தான் அதை அலமாரியின் மேல்தட்டில் போட்டாள்.

“நீ ஏம்மா அவளுக்கு எழுதிக் குடுத்தே?”

“எனக்குப் பாதி மார்க்கு அவ எடுக்கிறதுதான மாமி? நா ரெண்டாம் ரேங்க். ரெண்டுல கொறஞ்ச மார்க்கு எனக்குத்தான் வரும். அவ எழுபத்தஞ்சுக்குக் கீழ போயிட்டா, ரெண்டு பேருக்கும் கெடைக்காது. விதி பின்னால போட்டிருக்காவளே, நீங்க படிக்கலியா?”

பதினேழு வயசுப் பெண். ஹால் டிக்கெட் வந்த அன்றே படித்துவிட்டிருக்கிறாள்.

“வித்யா வராம, நீ மட்டும் எழுதினா?” மஹாலக்ஷ்மி கேட்டுவிட்டாள். கேட்டிருக்க வேண்டாம்.

“நா மட்டும்னா எம் மார்க்கே ரெண்டு தடவ. தொண்ணூத்தஞ்சும் தொண்ணூத்தஞ்சும் நூத்தித் தொண்ணூறு.” இசக்கி சிரித்தாள். “லட்டு மாதிரி இருக்கும்லா?”

“அப்போ அவ வராதது உனக்கு லாபம்.”

“ஆமா. அதுக்காவ அவள வராதேன்னா சொல்ல முடியும்?”

மஹாலக்ஷ்மி ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். காற்று முகத்தில் அடித்தது. மறுபடியும் ஏற்றினாள்.

நாங்குநேரிக்கு முன்னால் ஆட்டு மந்தை ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. நூறு ஆடாவது இருக்கும். அலி அஸ்கர் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. “லேய், ஒதுக்குலே! பரீட்சைக்குப் போற வண்டிலே!” ஆடுகள் எந்தப் பரீட்சைக்கும் அவசரப்படுகிறவை இல்லை. எட்டு நிமிஷம் போயிற்று.

அந்த எட்டு நிமிஷத்தில்தான் மாரித்தாய் வாய் திறந்தாள். சடையின் நுனியில் ரப்பரை மாட்டிவிட்டுப் பைய கேட்டாள்.

“எப்ப மாத்தினாவ மாமி?”

“வெள்ளிக்கிழமை.”

“இன்னைக்கு ஞாயித்துக்கிழம. ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சிது?”

“எங்காத்துக்காரர் இப்பத்தான் எட்டு மணிக்கு போன் பண்ணினார்.”

சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. நல்ல பக்கம் மேலே. மாரித்தாய் கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி, முன் இருக்கையின் பின்பக்கத்தை நாங்குநேரி வரும் வரை பார்த்துக்கொண்டு வந்தாள். நல்ல இலையையும் கிழிசலையும் நாள் முழுக்கப் பிரிக்கிறவள் அவள்.

பத்தே காலுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பாளையங்கோட்டைப் பள்ளி வாசலில் வண்டி நின்றது. “ரெண்டு நிமிஷம் ஒங்களுக்கு லாபம்” என்றான் அலி அஸ்கர். பத்தரை வரை தாமதமாக வருகிறவர்களை விடலாம் என்று விதி. வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த ரிச்சர்ட் சார், அறக்கட்டளையின் செயலாளர், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார். இசக்கி ஓடினாள். சடை முதுகில் குதித்தது.

மஹாலக்ஷ்மி சுவரில் சாய்ந்தாள். மரத்தடியிலிருந்து வைத்தீஸ்வரன் விரைந்து வந்தான். “நீ எங்கே இங்கே? வித்யா தெளிவா உள்ளே போனா. இசக்கியும் வந்தாச்சு, இனிமே என்ன!”

“அம்மா, இங்க வாங்க” என்று ரிச்சர்ட் சார் கூப்பிட்டார். “பிந்தி வந்த பிள்ளைக்கு இந்தத் தாள நிரப்பணும். நிரப்பாட்டா அது பேப்பர் திருத்தப் போவாது. பிந்தினதுக்குக் காரணம் எழுதுங்க.”

“பஸ் லேட்டுன்னு போட்டுடு” என்றான் வைத்தீஸ்வரன் குஷியாக.

“பஸ்ஸு, பஞ்சரு, வயித்துவலி ஒண்ணும் செல்லாது சார். தகவல் கெடைக்கலன்னா மட்டுந்தான் செல்லும். யாரு சொல்லாம விட்டாங்கன்னு பேரு போடணும். பிள்ளையோட அம்மா கையெழுத்து வேணும்.”

மாரித்தாய் தாளை மஹாலக்ஷ்மியிடம் நீட்டினாள். “கண்ணாடிய எலைக்கட்டு மேல வச்சிட்டு வந்திட்டேன். நீங்க எழுதுங்க மாமி. கையெழுத்து நான் போடுதேன்.”

மஹாலக்ஷ்மி பேனா மூடியைத் திறந்தாள். ஒரு பெயர் கையருகே தயாராக இருந்தது. ஜெமிமா டீச்சர். சென்னையில் பேரப்பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். இன்னும் இரண்டு வருஷத்தில் ஓய்வு. கேட்டால் செய்தியைக் காட்டுவார். கேட்கிற வரைக்கும்? சந்தையில் பாதிச் சரக்கு அந்தக் கேட்கிற வரைக்கும்தானே நல்ல சரக்கு!

‘அதுக்காவ அவள வராதேன்னா சொல்ல முடியும்?’

அவள் எழுதினாள். தேர்வு நேரம் மாறிய தகவல் வெள்ளிக்கிழமை மாலை தன்னிடம் வந்ததையும், அதை இசக்கி வீட்டுக்குச் சொல்லாமல் விட்டதையும் எழுதினாள். அடியில், கல்யாணப் பத்திரிகையில் போடுவதுபோல் முழுப் பெயரையும் எழுதினாள்: மஹாலக்ஷ்மி வைத்தீஸ்வரன்.

ரிச்சர்ட் சார் படித்தார். நிமிர்ந்தார். “இது யாரு?”

“நான்தான்.”

வைத்தீஸ்வரன் தாளைப் பிடுங்கிப் படித்தான். எதையும் இரண்டு முறை படிக்கிறவன் இதை ஒரு முறைதான் படித்தான்.

“ஒங்க பொண்ணும் உள்ள எழுதுதா இல்லியா?” ரிச்சர்ட் சார் குரலைத் தணித்தார். “அப்பம் இங்கன கீழ ரெண்டு கட்டம் இருக்கு. ஒண்ணு விளக்கம், ஒண்ணு புகார். இந்த அம்மா விளக்கம்னு குறிச்சா ரெண்டு பேப்பரும் திருத்தப் போவும். புகார்னு குறிச்சா ஒங்க பொண்ணு பேப்பர நிறுத்தி வைப்போம். இசக்கிச்செல்வி பேப்பர் மட்டும் போவும். முடிவு அந்த அம்மா கையில.”

உள்ளே யாரோ அழைக்க அவர் எழுந்து போனார்.

நூற்றுத் தொண்ணூறு. அதை மாரித்தாயும் வண்டியில் கேட்டவள்தான். லட்டு மாதிரி இருக்கும் என்று அவள் மகளே சொன்னாள்.

மாரித்தாய் பேனாவை வாங்கினாள். தாளைத் தூரத்தில் பிடித்தாள், கிட்டத்தில் பிடித்தாள்.

“ரெண்டு கட்டமும் எனக்கு ஒண்ணு போலத்தான் தெரியுது” என்றாள். “எது எதுன்னு நீங்களே சொல்லுங்க மாமி.”

வைத்தீஸ்வரன் மனைவியைப் பார்த்தான். மஹாலக்ஷ்மி தாளைப் பார்த்தாள். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே ஒரு விரற்கடை தூரம். விரலை மாற்றி வைத்தால் போதும். வெள்ளிக்கிழமைச் செய்தி மறுபடியும் அவள் கைக்கே வந்துவிட்டது.

புகார் என்று அச்சிட்ட கட்டத்தின் மேலேயே விரலை வைத்தாள். “இது புகார், மாரித்தாய்.” நகர்த்தினாள். “இது விளக்கம்.”

“நல்லாத் தெரியுமா?”

“தெரியும்.”

மாரித்தாய் தாளை மேஜையில் விரித்துக் குனிந்தாள். பேனா முனை இறங்கியது. மஹாலக்ஷ்மியின் விரல் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில், நகர மறந்து கிடந்தது.

“வெரல எடுங்க மாமி” என்றாள் மாரித்தாய். “நான் குறிக்கணும்லா?”